கையெழுத்து வந்தாச்சு... அப்புறம்?

மாலை ஆறரை. தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அறையில் டியூப்லைட் எரிகிறது. குட்டி பெஞ்சில் முட்டி இடிக்கிறது என்று தரையில் பாய் விரித்துவிட்டார்கள். பதினோரு பெண்கள். கதவோரமாக ஒரே ஓர் ஆண். தெரிந்தவர் யாராவது வந்தால் சட்டென்று எழுந்து போய்விடத் தோதாக உட்கார்ந்திருக்கிறார்.

முன்வரிசை அம்மாவுக்கு 52 வயது. களைக்கொத்தைப் பிடிப்பதுபோல எல்லா விரலையும் சேர்த்துப் பென்சிலை இறுக்குகிறார். ஒரு வரி முடிவதற்குள் முனை இரண்டு தடவை உடைந்துவிட்டது.

“பெரிம்மா, அமுத்தாதீங்க. தாள் மேல சும்மா வையுங்க, அதுவா எழுதும்” என்கிறாள் சொல்லிக்கொடுக்கும் பெண். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

“அமுத்தலைன்னா நிக்க மாட்டேங்குது கண்ணு. ஆமா, என் பேருக்கு இத்தனை எழுத்தா? எங்கப்பன் எதனா சின்னப் பேரா வெச்சிருக்கக் கூடாதா?”

பாயில் இருந்த அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “பேத்தி படிச்சிட்டுக் கிண்டல் பண்ணுவா.”

“கையெழுத்துப் போடக் கத்துக்கத்தான் வந்தீங்களாம்மா?” என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தக்காளி மண்டிச் சீட்டு. மேலே அச்சில் மண்டியின் பெயர். கீழே பேனாவில் பெட்டிக் கணக்கு, விலை, பிடித்த கமிஷன், இறக்குக்கூலி, மிச்சத் தொகை. எல்லாம் அவசரக் கிறுக்கல்.

“பதினஞ்சு வருசமா இதை வாங்கி வாங்கி வெச்சிக்கிறேன். என்னா எழுதியிருக்கான்னு ஒருநாளும் தெரியாது. குடுக்கிற காசை வாங்கிட்டு வந்துருவேன். இதைப் படிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

வயது வந்தோர் கல்வி என்று எத்தனையோ திட்டங்கள் வந்துபோய்விட்டன. கேட்பவர் மடியில் மண்டிச் சீட்டு இருக்கிறது. கொடுப்பவர் கையில் கையெழுத்துப் பயிற்சித் தாள் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கோடிக்கு மேல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவிகிதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 1 கோடியே 29 லட்சம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளித் தள்ளி 2027-க்குப் போய்விட்டதால் இன்றைக்கும் இந்தப் பழைய எண்ணை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அன்று 38 வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

காமராஜர் ஆட்சியில் 1956-ல் விரிந்த மதிய உணவும் 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தன. அப்படியும் வராமல் நின்றவர்கள் உண்டு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற மூத்த பெண், ஆட்டுப் பட்டியோடு மலையேறிய பையன், பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பிய பிள்ளை. பாயில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஏழு பேர் முதல் வகை. தம்பி படித்தார், வேலைக்குப் போனார். அக்கா இப்போதுதான் ‘அ’ போடுகிறார்.

[பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது]

● தமிழ்நாட்டில் (2011) ஆண்களின் எழுத்தறிவு 86.77%, பெண்கள் 73.44%. இடைவெளி 13 புள்ளிகளுக்கு மேல்.

● மாவட்டங்களில் உச்சம் கன்னியாகுமரி, 91.75%. கடைசி தருமபுரி, 68.54%.

● எழுத்தறிவு பெற்றவர் யார்? ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். கணக்கெடுக்க வருபவர் சோதித்துப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதுதான் பதிவு.

● இந்திய அளவில் 15 வயதைத் தாண்டிய எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 2011-ல் 25.76 கோடி. அதில் பெண்கள் 16.68 கோடி.

● புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022-27): இலக்கு 5 கோடிப் பேர், ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தோம். தலைக்குச் சுமார் 208 ரூபாய்.

புதுக்கோட்டையில் சைக்கிள் ஏறிய எழுத்து

தலைக்கு 208 ரூபாயில் என்ன நடக்கும் என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன், காசு அதிகம் இல்லாமலே நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அடுத்த ஆண்டு கேரளம் முழுவதும். அந்த அலை தமிழ்நாட்டுக்குள் வந்தபோது அதற்கு அறிவொளி இயக்கம் என்று பெயர். அரசு ஊழியர், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், எழுத்தாளர், வேலை கிடைக்காத பட்டதாரி என்று கலவையான ஒரு கூட்டம் அரிக்கேன் விளக்கோடு தெருவில் இறங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பாடம் அம்மா, ஆடு அல்ல, ‘பட்டா, படி’. பட்டா என்றால் நிலம். படி என்றால் கூலியாக அளந்து போடும் நெல். படிக்கச் சொல்வதும் அதே சொல்தான். நிலமும் கூலியும் இருக்கும் பாடத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

புதுக்கோட்டையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், 1991-ல் அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்தார். எழுத்து சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போகச் சைக்கிள் வேண்டும் என்று தொடங்கியது, படிக்க வந்தவர்களிடமும் தொற்றிக்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வர, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

சைக்கிள் வந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. பாலை, பூவை, காய்கறியைத் தானே கொண்டுபோய் விற்கலாம். அங்கே எழுத்துக்கு உடனடி வேலை இருந்தது: விலை எழுத, கணக்கு எழுத, ஊர்ப் பலகை படிக்க. கற்ற எழுத்து கையில் நின்றது இந்த வேலையால்தான்.

நிற்காமல் போன ஊர்களும் நிறைய. சைக்கிளை விட்டுப் பத்து வருடம் கழித்து ஏறினாலும் ஓட்டிவிடலாம். நாற்பது வயதில் கற்ற எழுத்தை ஆறு மாதம் தொடாமல் விட்டால் போயே போய்விடும். தொடர்கல்வி என்று பெயர் வைத்துச் செய்ய வேண்டிய இரண்டாம் கட்டம் பல இடங்களில் பலகையோடு நின்றது. அறிவொளியில் படித்ததாகச் சொன்ன ஒரு பாட்டி அந்தப் பாலக்கோட்டுப் பக்கத்துப் பள்ளியில் எனக்குத் தன் பெயரை எழுதிக் காட்டினார். வேகமாக, அழகாக. பக்கத்தில் இருந்த பஸ் நேரப் பலகையைப் படிக்கச் சொன்னேன். “அது வராது சாமி” என்றார்.

கைநாட்டைவிட ஆபத்தானது

‘கைநாட்டு’ என்பது ஊரில் வசவு. ரேகை வைத்துவிட்டு அந்த ஊதா மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு பேங்க்கிலிருந்து வெளியே வருவதை எத்தனை தரம் பார்த்திருப்போம். அந்த அவமானம் தீர்வதற்காகவே கையெழுத்துக் கற்க வருகிறவர்கள் பலர். அது நியாயமான ஆசை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சங்கதியை யோசிக்க வேண்டும். ரேகை வைத்த பத்திரத்தின் அடியில் ‘படித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று ஒரு வரி இருக்கும். படிக்கத் தெரியாதவரிடம் எழுதி வாங்கினால், அதை அவருக்குப் புரியவைத்தோம் என்று காட்டும் பொறுப்பு எழுதி வாங்கியவர் தலையில் விழும். கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு லேசாகிவிடுகிறது. படித்துப் பார்த்துத்தானே போட்டீர்கள் என்ற கேள்வி முதலில் வரும். பெயரை மட்டும் எழுதத் தெரிந்து, பெயருக்கு மேலே இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் இரண்டு பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறார்.

குழுக் கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் ஆட்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் பத்துப் பெண்களிடம் கையெழுத்து வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இடது பக்கத்துப் பெண் கட்டாவிட்டால் வலது பக்கத்துப் பெண் கட்ட வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது? கடன் வசூலில் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்து மிரட்டுபவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளலாம். வட்டியைக் கூட்டிப் பார்க்கும் வேலை வாங்கியவருடையதுதான்.

ஏ.டி.எம். அட்டைக்கும் இதே கதை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, தன் பெயரில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்த பெண்கள் ஏராளம். பாயில் இருந்தவர்களில் நாலு பேர் அட்டையை மகனிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ கொடுத்து எடுத்துவரச் சொல்கிறார்கள். ஒருவர் காட்டினார்: ரகசிய எண்ணை அட்டையின் உறை மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார் பேரன். “என் கைக்கு வர்றப்ப எப்பவும் தொள்ளாயிரம்தான் இருக்கும். நூறு ரூபா பெட்ரோல் காசுன்னு சொல்றான்.”

இதில் ஒரு வேடிக்கை. கைநாட்டை ஒழிக்க இவ்வளவு பாடுபட்ட அரசே இன்று ரேஷன் கடையில் எம்.ஏ. படித்தவரிடமும் விரலை வை என்கிறது. கல்லும் மண்ணும் அள்ளி ரேகை தேய்ந்தவர்கள் விரலைத்தான் மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது.

முப்பது வருடச் சித்தாள்

வேலைத்தளத்துக்கு வருவோம். கட்டட வேலையில் ஆண் கையாளுக்கு நிமிந்தாள் என்று பெயர், பெண்ணுக்குச் சித்தாள். நிமிந்தாளாகச் சேர்ந்த பையன் சில வருடங்களில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். சித்தாள் முப்பது வருடம் கழித்தும் சித்தாள். கலவை எவ்வளவு இளகலாம், ரசமட்டத்தில் குமிழ் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சுவர் சாய்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கண் பார்த்தே தெரியும். இன்ச் டேப் படிக்கத் தெரியாது. பிளான் தாளில் உள்ள எண்கள் தெரியாது. பெண் என்பதால் கரண்டி கொடுக்காதது முதல் காரணம் என்றால், “அவளுக்கு அளவு படிக்கத் தெரியாதுங்க” என்பது மேஸ்திரி சொல்லும் சௌகரியமான இரண்டாவது காரணம். டேப்பில் அடி, இன்ச், அரை இன்ச் படிக்கக் கற்க எத்தனை நாள் ஆகும்? ஒரு மேஸ்திரியைக் கேட்டேன். “மெனக்கெட்டா ஒரு வாரம்” என்றார். பிறகு அவரே, “யாரு மெனக்கெடறது?” என்றார்.

செய்து பழகிய வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு, 2015-ல் வந்த பிரதமரின் கவுசல் விகாஸ் யோஜனாவில் இருக்கிறது. பள்ளிக்கூடம் பார்க்காத ஒருவர் கையில் இருக்கும் தொழிலைத் தாளில் ஏற்றும் நல்ல யோசனை. ஆனால் விண்ணப்பம் ஆன்லைனில். கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவும் இப்போது ஆன்லைனில். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து யாரோ நிரப்பிய ஃபாரத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட எழுத்து வேண்டும். ஆதாரில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்று நின்றுபோன உதவித்தொகைகளுக்குக் கணக்கே கிடையாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவயதில் படிக்க வரக் கூச்சப்படுவதில் எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார்; குடியரசுத் தலைவர் கையால் விருது பெற்றார். அருமையான மனுஷி. அந்தப் படத்தைப் போடாத பத்திரிகை இல்லை. ஆனால் 96 வயதில் படிப்பதை அதிசயமாகக் காட்டிக் காட்டியே, 42 வயதில் படிக்க நினைப்பவரைக் கூச்சப்பட வைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. படித்தால் நாளைக்கே கூலி கூடும் வயது அவருடையது. கதவோரம் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு 42.

எட்டாவது பாஸா?

அவர் லாரியில் கிளீனராக இருந்து, ஓட்டவும் தெரிந்தவர். கனரக வாகனம் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. அதற்காகவே தொழில் தெரிந்தும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள் உண்டு. 2019-ல் மத்திய அரசு அந்த நிபந்தனையை நீக்கியது. நல்லதா கெட்டதா? பிழைப்புக்கு நல்லது. சாலைப் பலகையும் சரக்குச் சீட்டும் படிக்கத் தெரியாத டிரைவர் இன்னொருவரை நம்பியே ஓட வேண்டும் என்பது மாறவில்லை. “லைசென்ஸ் வந்துருச்சு. ஜி.பி.எஸ். பேசுது, ஓட்டிடறேன். டெலிவரில பேப்பர் காட்டி கையெழுத்துப் போடுன்னா உதறுது” என்றார்.

பாதியில் விட்டவர்கள் நிலை இன்னொரு மாதிரி. இவர்களுக்கு எழுத்து தெரியும், தாள் இல்லை. தனித்தேர்வராக எழுதலாம் என்ற வழி தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. டுடோரியல்கள் அதில்தான் பிழைத்தன. ஆனால் பத்தாம் வகுப்பு எழுதும் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் நேரில் போயாக வேண்டும். கடையில் நிற்பவருக்கு, மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அந்த நாட்களின் சம்பளம் யார் தருவது? பரீட்சைக்குப் பயந்து விட்டவர்களைவிட லீவுக்குப் பயந்து விட்டவர்கள் அதிகம் என்று டுடோரியல் நடத்தும் ஒருவர் சொன்னார்.

குறுக்கு வழியில் போய்ச் சிக்கியவர்கள் தனி ரகம். ஒருகாலத்தில் பத்தும் பன்னிரண்டும் இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்க முடிந்தது. ஆசையாகச் சேர்ந்தார்கள், படித்தார்கள், பாஸும் ஆனார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்ட பிறகு, அந்தப் பட்டங்கள் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் உதவாத தாளாகின. உழைத்து வாங்கிய பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, மறுபடி பத்தாம் வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

[பெட்டிச் செய்தி: எங்கிருந்து தொடங்கலாம்?]

● எழுத்தே தெரியாதவர்கள்: 15 வயதுக்கு மேல் எந்த வயதும். உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தறிவு மையம் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். முடிவில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: படிக்க 50, எழுத 50, கணக்கு 50.

● எட்டாம் வகுப்பு தனித்தேர்வு: பன்னிரண்டரை வயது நிறைந்த யாரும் எழுதலாம். பத்தாம் வகுப்புக்குப் பதினாலரை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது.

● தேசியத் திறந்தநிலைப் பள்ளி: ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். நீங்கள் குறிவைக்கும் வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

● ஐ.டி.ஐ.: சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

சொல்லிக்கொடுப்பவருக்கு?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தாளை விரித்தால் அதில் ஐந்து பகுதிகள். எழுத்தறிவு முதலாவது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், எட்டாவது பத்தாவதுக்குச் சமமான அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என்று மற்ற நாலும் வரிசையாக இருக்கின்றன. நான் போன கிராமங்களில் கண்ணில் பட்டது முதலாவது மட்டும்தான். அதுவும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் தோளில். கல்லூரி விட்டு வந்து, தோசைமாவு ஆட்டிவிட்டு, ஆறரைக்கு வகுப்பெடுக்கிறாள் அந்தப் பெண். சாக்பீஸ் கைக்காசு. நாள் தவறாமல் வருபவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தக்காளி எடுப்பு நேரத்தில் மட்டும் பாய் பாதி காலியாகிவிடும்.

மண்டிச் சீட்டு, டேப், ஏ.டி.எம். திரை, கடன் ஃபாரம், மாத்திரை அட்டை: இந்த ஐந்தையும் பாடமாக்க எந்த நிபுணர் குழுவும் வேண்டியதில்லை. வகுப்புக்கு வருபவர்களின் பைகளைக் கவிழ்த்தாலே பாடநூல் கிடைத்துவிடும். சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு மதிப்பூதியம், முடித்தவர்களுக்கு அடுத்த வகுப்பு, வேலை தருபவர் தரப்பில் வாரத்தில் இரண்டு மணி நேரம். கேட்பது இவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பெரியம்மா தேர்வு எழுதி, பாஸாகி, சான்றிதழும் வாங்கிவிட்டார். மையம் மூடியாகிவிட்டது, அடுத்த வருட லிஸ்டில் இருப்பவர்கள் புதியவர்கள்.

“மண்டிச் சீட்டு?”

“பெட்டிக் கணக்கும் விலையும் நல்லாப் படிக்கிறாங்க சார். கமிஷனைக் கழிச்சு மிச்சம் பார்க்கத்தான் தெரியலை. கடன் வாங்கிக் கழித்தல் நடத்துறதுக்குள்ள வகுப்பு முடிஞ்சிருச்சு.”

வாசகர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. பேங்க்கிலோ தபால் ஆபீஸிலோ யாராவது உங்களிடம் ஸ்லிப்பை நீட்டி, “கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்” என்று கேட்பார்கள். எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, தொகை எழுதிய கட்டத்தில் விரலை வைத்து, எவ்வளவு என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் வரிசை ஒரு நிமிடம் காத்திருக்கட்டும்.